பழவேற்காட்டு வாணிகம்

நெய்தல் நிலத்து ஊர்களைப் பாக்கம் என்றும் பட்டினம் என்றும் வழங்குதல் பண்டைத் தமிழர் மரபு. சிறிய கடற்கரையூர் பாக்கம் எனப்படும். கப்பல்கள் வந்து தங்கும் பேரூர் பட்டினம் எனப்படும். சென்னையைச் சூழ்ந்த நிலப்பகுதியில் பாக்கம் என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகப் பல. சேப்பாக்கம், கேளம்பாக்கம், ஊரப்பாக்கம் என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுட் சில கடலுக்குச் சேய்மையில் உள்ளனவாயினும், நெய்தல் நிலத்துச் சொல்லைத் தம் பெயரில் இன்றளவும் சுமந்து நிற்கின்றன. நாளடைவில் அச்சொல் ஊர் என்னும் பொதுப்பொருளில் எங்கும் வழங்கலாயிற்று என்க.

ஊரப்பாக்கத்தில் மின்தொடர் வண்டி ஏறுவோர் தாம்பரம், கிண்டி, எழும்பூர் ஆகியவற்றைக் கடந்து சென்னைக் கடற்கரை நிலையத்தை அடைவர். வழிநெடுக வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். இத்துணைப் பெரிய நகரம் நானூறு ஆண்டுகட்குமுன் இல்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய பழைய ஊர்கள் தனித்தனியே இருந்தன, அவ்வளவே. அந்நாளில் இக்கரையின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாய், அரபியரும் சீனரும் மலாய்நாட்டாரும் ஐரோப்பியரும் பெயரறிந்த பட்டினமாய் விளங்கியது பழவேற்காடு. அது சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பொன்னேரி புகைவண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையின் முடிவில் இன்று அது ஒரு மீனவர் ஊராகக் காட்சியளிக்கின்றது.

பழவேற்காடு என்னும் பெயர்க்குப் பொருள் கூறுவோர் பலதிறத்தினர். வேர் என்னும் சொல்லோடு அதனை இயைப்பாரும் உளர். ஆயின், வேர் என்பது காடு என்பதனோடு புணருங்கால் வேர்க்காடு என நிற்குமேயன்றி வேற்காடு ஆகாது. வேல் என்பது வேலமரம். வேலும் காடும் புணர்ந்து வேற்காடு ஆதல் இலக்கண முடிபு. திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயரும் இதற்குத் துணைநிற்கும். ஆதலின், பழைய வேலங்காடு இருந்த இடம் என்று கொள்வதே பொருத்தமாம். ஐரோப்பியர் இப்பெயரைத் தம் நாவிற்கு இசைந்தவாறு திரித்துப் புலிக்காட் என்றனர். புலிக்கும் இவ்வூர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஊரை ஒட்டிப் பழவேற்காட்டு ஏரி வடக்கு நோக்கிப் பரந்து கிடக்கின்றது. ஏரி என்று கூறினும் அது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழியே. ஒடிசா மாநிலத்துச் சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் உள்ள உப்பங்கழிகளுள் மிகப் பெரியது இது. இன்று விண்கலங்கள் ஏவப்பெறும் ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணற்றீவு, ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஓர் அணைபோல் நிற்கின்றது. ஆரணியாறு ஏரியின் தென்பகுதியில் வந்து சேர்கின்றது. கழி கடலோடு கூடும் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. மணல் அடிக்கடி மேடிட்டு அதனை அடைத்துவிடும். ஆகவே பெருங்கப்பல்கள் உள்ளே நுழைதல் இயலாது. அவை கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்குப் பொதிகளைப் படகுகள் அலைகளைக் கடந்து கரைக்குக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வாடைக்காற்றும் புயலும் வீசுமாதலின், அதற்குமுன் கப்பல்கள் இக்கரையை விட்டு நீங்கிவிடும்.

இத்துணை இடர்ப்பாடுகள் நிறைந்த இடத்தைப் பெருவணிகர் நாடிவந்தமைக்குக் காரணம் யாது? காரணம் கடலில் இல்லை. கரைக்கு உட்புறத்தில் இருந்தது. கரிசல் நிலத்துப் பருத்தியும், அதனை நூற்கும் பெண்டிரும், ஊர்தோறும் தறி நாட்டிய நெசவாளரும், கடற்கரை மணலில் விளையும் சாயவேரும் பழவேற்காட்டின் பின்னிலத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் திம்புக்து என்னும் நகரம் வடக்கே பாலைநிலத்து உப்பும் தெற்கே ஆற்றுநிலத்துப் பொன்னும் கைமாறும் இடத்தில் நின்று செழித்தது. அதுபோலப் பழவேற்காடும், தான் பெரிதாக ஒன்றும் விளைக்காமல், ஒருபுறத்துத் துணியும் மறுபுறத்து நறுஞ்சரக்கும் கைமாறும் இடத்தில் நின்றே செழித்தது.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர் விசயநகரப் பேரரசிற்கு உட்பட்டிருந்தது. துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர் அந்நாளில் எழுதிய நூலில் இதன் வாணிகச் சிறப்பைக் குறித்துள்ளார். இந்து வணிகரும் முகமதிய வணிகரும் இங்கே வாழ்ந்தனர் என்பதும், பர்மாவிலுள்ள பெகு நாட்டிலிருந்து மாணிக்கக் கற்களும் கத்தூரியும் வந்து இறங்கின என்பதும், வண்ணந்தீட்டிய பருத்தித் துணிகள் மலாக்காவிற்கும் சுமத்திராவிற்கும் சென்றன என்பதும் அவர் கூற்றால் விளங்கும். மலாக்காவில் தமிழ் வணிகர் தனிச்சேரி அமைத்து வாழ்ந்தனர். அவர்களுள் நயினா செட்டியார் என்பவர், 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பின்னர், அந்நகரில் பெந்தகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தப்பெற்றார். சோழமண்டலத் துணியின்றி மலாக்காச் சந்தை நடவாது என்பதைப் போர்த்துக்கீசியர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

அடுத்து வந்தோர் ஒல்லாந்தர். 1602-இல் அவர்கள் ஒரு கிழக்கிந்தியக் கும்பினியைத் தோற்றுவித்தனர். மொலுக்காத் தீவுகளில் விளையும் கிராம்பும், பண்டாத் தீவுகளில் விளையும் சாதிக்காயும் சாதிபத்திரியும் அவர்கள் நாடிய பொருள்கள். ஐரோப்பாவில் அவை பெருவிலைக்கு விற்றன. ஆயின், அத்தீவுகளின் மக்கள் வெள்ளியைக் காட்டினால் முகங்கொடுக்கவில்லை. தென்னிந்தியத் துணியையே கேட்டனர். உடுக்கவும், மணவினைக்குச் சீராகக் கொடுக்கவும், இறந்தார்க்குப் போர்த்தவும், செல்வமாகப் பேழையில் வைத்துக் காக்கவும் அவர்கட்கு அத்துணி வேண்டியிருந்தது. மொலுக்காத் தீவுகட்கு இச்சோழமண்டலக் கரையே இடக்கை என்று என்ரிக் பிரௌவர் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1612-இல் எழுதினார். இக்கை இல்லையேல் அங்கே வாணிகம் உயிரற்றுப்போம் என்பது அவர் கருத்து.

விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதி 1610-இல் ஒல்லாந்தர்க்குப் பழவேற்காட்டில் வாணிக உரிமை வழங்கினார். சாந்தோமில் குடியிருந்த போர்த்துக்கீசியர் இதனைப் பொறாராய், 1612-இல் வந்து தாக்கி ஒல்லாந்தரின் பண்டகசாலையை அழித்தனர். அதன்பின் ஒல்லாந்தர் 1613-இல் ஒரு கோட்டையை எழுப்பி அதற்குக் கெல்திரியா என்று பெயரிட்டனர். அது அவர்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை ஒட்டியது. நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் பழவேற்காட்டில் அமைந்தன. ஐரோப்பாவிலிருந்து வெள்ளியும், சப்பானிலிருந்து செம்பும், தீவுகளிலிருந்து நறுஞ்சரக்கும் இங்கு வந்தன; இங்கிருந்து துணியும் வெடிமருந்தும் கீழ்நாடுகட்குச் சென்றன. 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்க்குத் தலைமையிடமாக இருந்தது இவ்வூரே.

இவ்வாணிகத்திற்கு உயிராக நின்ற துணி எவ்வாறு உருவாயிற்று என்பது அறியத்தக்கது. வெளுத்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு வண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு வண்ணம் பரவாமல் தடுக்கும். பின்னர்ச் சிவப்பு வேண்டும் இடங்களில் படிகார நீரை எழுதுகோலால் தீட்டுவர். இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்து எடுத்த நீர் கருங்கோடுகட்கு உதவும். துணியைச் சாயவேர்க் கொப்பரையில் இட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச் சிவந்துவிடும்; ஏனைய இடத்து நிறத்தைச் சாணநீரில் ஊறவைத்தும் வெயிலில் விரித்தும் போக்குவர். நீலம் வேண்டுமாயின், நீலம் படக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். ஒரு துணி முற்றுப்பெறப் பல நாள்கள் ஆகும். எத்துணை முறை துவைத்தாலும் இவ்வண்ணம் மங்காது. ஐரோப்பிய நாட்டுச் சாயத்தொழிலாளர்க்கு இவ்வித்தை நெடுங்காலம் கைவரவில்லை. வேதிநூல் கல்லாத சாயக்காரர் இத்துணை நுட்பத்தைத் தந்தையிடம் மைந்தன் கண்டு பழகும் முறையிலேயே காத்துவந்தனர் என்பது வியப்பிற்குரியது.

நெசவாளரும் ஒல்லாந்தரும் நேரில் கொண்டுகொடுத்தல் அரிது. இடையே நின்றோர் செட்டி வணிகர். கும்பினியார் ஆண்டின் தொடக்கத்தில் வணிகர்க்கு முன்பணம் தருவர். வணிகர் அதனைத் தம் ஆள்கள் வாயிலாக ஊர்ஊராகப் பிரித்தளிப்பர். எத்துணை முழ நீளம், எத்துணை அகலம், எவ்வகைக் கட்டம், எந்நிறக் கரை என்பனவெல்லாம் மாதிரித் துணி காட்டி உறுதிசெய்யப்படும். நெய்த துணி கோட்டைக்கு வந்ததும் தரம் பிரிப்பர். தரம் குறைந்ததென்று தள்ளியவற்றின் இழப்பு நெசவாளன் தலையிலேயே விழும். அரிசி விலை ஏறினாலும் நூல் விலை ஏறினாலும் முன்னர்ப் பேசிய துணிவிலை ஏறாது. இச்சுமை பொறாத நெசவாளர் சிலபோது தறியைக் கழற்றிக்கொண்டு வேற்றூர்க்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் கையில் இருந்த ஒரே படைக்கலம் அதுவே. வணிகர்களோ பெருஞ்செல்வராயினர். சின்னண்ணச் செட்டியார் போன்றார் கும்பினிக்குத் துணி திரட்டித் தந்ததோடு நில்லாமல், தம் சொந்தக் கப்பல்களைக் கீழ்நாடுகட்குச் செலுத்தினர். அரசியல் உடன்படிக்கைகளிலும் இடைநின்றனர்.

பழவேற்காட்டின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் கூறாது விடும் செய்தி ஒன்று உண்டு. இத்துறையில் துணிப்பொதிகளோடு மனிதரும் ஏற்றப்பட்டனர். 1614-இல் வேங்கடபதி மறைந்தபின் அரசுரிமைப் போர் மூண்டு நாடு பாழாயிற்று. போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1621-இல் ஒல்லாந்தர் பண்டாத் தீவுகளை வென்று, அத்தீவு மக்களுட் பெரும்பாலாரைக் கொன்றும் நாடுகடத்தியும் ஒழித்துவிட்டமையால், சாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்க ஆளில்லை. பசியால் வாடிய தமிழரும் தெலுங்கரும் தம்மையும் தம் மக்களையும் ஒருபிடி அரிசிக்கு விற்கும் நிலையில் இருந்தனர். ஒல்லாந்தர் அவர்களை அடிமைகளாக வாங்கிப் பத்தேவியாவிற்கும் ஏனைய தீவுகட்கும் அனுப்பினர். 1646-இல் தொடங்கிய கொடிய பஞ்சத்திலும், 1659-க்குப் பின்னும் இக்கரையில் இக்கொடுமை பெருகிற்று. இவ்வாறு கடல்கடந்தோர் பல்லாயிரவர். அவர்கள் ஊர் திரும்பினர் என்பதற்குச் சான்று அரிது. கோட்டைக் கணக்கர் துணியை எண்ணிய கணக்கேட்டிலேயே அவர்களையும் எண்ணி எழுதினர்.

அதே கோட்டையில் வேறொரு வகையான உறவும் நிகழ்ந்தது. ஆபிரகாம் ரொகேரியசு என்னும் கிறித்தவக் குருமார் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் இந்நாட்டுச் சமய ஒழுக்கங்களைப் பொறுமையோடு கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தபின் 1651-இல் அது ஒல்லாந்து நாட்டில் வெளிவந்தது. வடமொழிப் புலவர் பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களும் துறவுப் பாடல்களும் அதில் ஒல்லாந்த மொழியில் இடம்பெற்றன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதன்முறை. அப்பெருமை காசிக்கோ காஞ்சிக்கோ வாய்க்காமல், மிளகும் துணியும் எடைபோட்ட ஒரு துறைமுக ஊர்க்கு வாய்த்தது.

ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் இடம்பெற முயன்றனர். 1619-இல் இருநாட்டாரும் செய்த உடன்படிக்கையின்படி 1621-இல் அவர்கள் இங்கு வந்து ஒல்லாந்தரோடு பங்குகொண்டு வாணிகம் நடத்தினர். ஒல்லாந்தரின் ஆதிக்கத்தில் அவர்கட்கு ஊதியம் கிட்டவில்லை. இரண்டே ஆண்டில் நீங்கினர். 1626-இல் வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் குடியேறிப் பார்த்தனர். அங்கும் நல்ல துணி கிடைக்கவில்லை. ஆகவே தெற்கு நோக்கி இடந்தேடி வந்த பிரான்சிசு டே, 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் ஒரு மணற்பரப்பை உரிமைபெற்றார். அங்கே எழுந்ததுதான் புனித சார்ச்சுக் கோட்டை. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கதவை அகலத் திறந்து வைத்திருந்தால், சென்னை இன்று இருக்கும் இடத்தில் இவ்வாறு எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

பழவேற்காட்டின் தேய்வு ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. கோல்கொண்டாப் படையும் பின்னர் முகலாயப் படையும் வடபகுதியை அலைக்கழித்தன. 1690-இல் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். 18-ஆம் நூற்றாண்டில் நறுஞ்சரக்கின் விலை ஐரோப்பாவில் சிறப்பிழந்தது; சென்னை வளர வளர, நெசவாளரும் வணிகரும் அப்பக்கம் ஈர்க்கப்பட்டனர். 1781-இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். பின்னர் இது பலமுறை கைமாறி, 1825-இல் முற்றிலும் அவர்கட்கு உரியதாயிற்று. அப்போது கைப்பற்றியவர்க்கே அதனால் பயன் பெரிதும் இல்லை. ஆங்கில நாட்டு ஆலைத்துணி கப்பல்கப்பலாக வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது.

ஊர் மங்கினும் அதன் பெயர் சரக்கின்மேல் ஏறி நெடுந்தொலைவு சென்றது. இங்கிருந்து சென்ற கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி ஐரோப்பாவில் புலிக்காட் என்றே வழங்கிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரைச் சூழ்ந்த நெசவாளர் அத்துணியைப் போலவே நெய்து, அப்பெயரையே இட்டு விற்றனர். பழவேற்காட்டைக் கண்டறியாத கைகள் பழவேற்காட்டை நெய்தன எனலாம்.

இக்கரைத் துணி சென்று சேர்ந்த மற்றோர் இடம் மேற்கு ஆப்பிரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலத் துணியைக் கினிக் கரைக்குக் கொண்டுசென்று, அதற்கு மாற்றாக அங்குள்ள மக்களை அடிமைகளாக வாங்கின. தமிழ்நாட்டு நெசவாளன் அதனை அறியான். ஆயினும் அவன் நெய்த முழங்கள் வேறொரு கண்டத்தில் மனிதர்க்கு விலையாயின. அடிமை வாணிகம் ஒழிந்த பின்னும் அத்துணியின்மேல் அம்மக்கள் கொண்ட விருப்பம் ஒழியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத்துணி செனகல் நாட்டிற்குச் சென்று, அங்கு விளையும் கோந்துக்கு மாற்றாயிற்று. சென்னைக் கைக்குட்டை என்னும் கட்டம்போட்ட துணி நைசீரியாவிற்குச் சென்றது. அங்குள்ள இக்போ மக்கள் சென்னையிலிருந்து வந்த துணிவகையைச் சார்ச்சு என்றே அழைத்தனர். புனித சார்ச்சுக் கோட்டையின் பெயர் அவ்வாறு அங்கே தங்கிற்று.

இன்று பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டை இருந்த இடம் புதர்மண்டிய மேடாக உள்ளது. ஒல்லாந்தர் இடுகாடு மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நிற்கின்றது. அதன் வாயிலின் இருமருங்கும் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் உள்ளன; உள்ளே ஒரு கல்லறைப் பலகையில் பழைய கோட்டையின் தோற்றம் பொறிக்கப்பட்டுள்ளது. முகமதியப் பெண்டிர் பனையோலையில் வண்ணக் கூடைகள் முடைகின்றனர். மீனவர்கள் இறாலும் நண்டும் பிடிக்கின்றனர். கழியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலைவிரிப்பது என்பதைப் பாடு என்னும் முறையால் அவர்களே வகுத்துக்கொள்கின்றனர். நல்ல இடமும் அல்லாத இடமும் எல்லார்க்கும் மாறிமாறி வரும்படி சீட்டெடுத்து அமைத்த ஏற்பாடு அது. கும்பினியார் வருவதற்கும் போவதற்கும் சாட்சியாக நின்ற ஊரில் இத்தகைய முறை ஒன்று நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. முகத்துவாரம் தூர்ந்து நீர்வரத்து குறையுங்கால் மீனும் குறைகின்றது; மணலை அகற்றி வாயிலைத் திறந்துவைத்தல் அவர்கட்கு இன்று வாழ்வுப்போராட்டமாக உள்ளது.

நைசீரியாவில் நைகர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் வாழும் கலபரி மக்கள் சென்னைக் கட்டத்துணியை இஞ்சிரி என்பர். அப்பெண்டிர் அதில் சில இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி, புதியதொரு கோலம் தோன்றச் செய்வர். அதற்குப் பெலெத்தே பித்தே என்பது பெயர். குடும்பத்து மூத்தோர் ஒருவர் இறந்தால், பேழைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்த அத்துணிகளை எடுத்து, அவர்க்கென அமைத்த கட்டிலையும் சுவர்களையும் அணிசெய்வது அவர்கள் வழக்கம்.